மாட்டிக்கிட்டேன் சார்!

கல்யாணமான புதிதில் எல்லா ஆண்களும் மனைவியிடம் எதையாவது மறைக்கிறார்கள். சிலர் சிகரெட்டை, சிலர் பழைய போட்டோவை, சிலர் தலையில் விழ ஆரம்பித்திருக்கும் சொட்டையை. நான் மறைத்தது கால் கிலோ மாட்டுக்கறி.

ஃப்ரீஸரில், ஐஸ் ட்ரேக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன் மேல் செய்தித்தாள் சுற்றி. வெடிகுண்டு வைப்பவன்கூட அவ்வளவு பதற்றப்பட்டிருக்க மாட்டான்.

இடம், வியட்நாம் தலைநகர் ஹனோய். காலம், 2023 ஜூன். கம்பெனி என்னை இரண்டு வருஷத்துக்கு அங்கே அனுப்பியிருந்தது. கல்யாணமாகி எட்டு மாதம். வியட்நாம் என்றால் பச்சை வயல், கூம்புத் தொப்பி, குளுகுளு மழை என்று காலண்டர் படத்தை நம்பிப் போயிருந்தோம். ஹனோய் வெயில் நம் அக்னி நட்சத்திரத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருஷம் மே 7-ம் தேதி ந்கே ஆன் மாகாணத்தில் 44.2 டிகிரி அடித்தது. அந்த நாடு அதுவரை பார்த்திராத சூடு.

நாங்கள் இருந்தது அந்த ஊருக்கே உரிய குழாய் வீடு. அகலம் நாலு மீட்டர், நீளம் ரயில் பெட்டி மாதிரி, உயரம் ஐந்து மாடி. நாங்கள் மூன்றாவது மாடி. தரைத்தளத்தில் வீட்டுக்கார அம்மா. வயது அறுபதுக்கு மேல். வியட்நாம் மொழியில் 'நீ', 'நான்' என்று சும்மா பேசிவிட முடியாது. நம்மைப் போலவே உறவு வைத்துத்தான் கூப்பிட வேண்டும். நான் அவரை 'பாக்' என்பேன், பெரியம்மா மாதிரி. அவர் என்னை 'சாவ்' என்பார். முதல் நாள் பயந்தே போய்விட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அண்ணன் பிள்ளை, பேரப் பிள்ளை எல்லோருக்கும் அதே சாவ்தான் என்று.

இனி, கறிக்கு வருகிறேன்.

ஆபீஸில் சேர்ந்த முதல் வாரம் மதியச் சாப்பாட்டுக்கு சகாக்கள் ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப்போனார்கள். பிளாஸ்டிக் ஸ்டூல், எவர்சில்வர் மேஜை, தலைக்கு மேல் முனகும் ஃபேன். ஒரு கிண்ணம் வந்தது. அடியில் நறுக்கிய கீரை, புதினா, முளைப்பயறு. அதன் மேல் வெள்ளை வெளேர் என்று ஆறிய அரிசி நூடுல்ஸ். அதன் மேல் வாணலியிலிருந்து அப்போதுதான் இறங்கிய மாட்டுக்கறி. மேலே வறுத்த வேர்க்கடலை, மொறுமொறு வெங்காயம். ஓரத்தில் புளிப்பும் இனிப்புமாய் ஊறிய பப்பாளிக்காய், கேரட். எல்லாவற்றையும் நனைக்க ஒரு கரண்டி சாறு. கிளறி ஒரு வாய் வைத்தேன். ஒரே வாயில் சில்லென்றும் சுடச்சுடவும். 40 டிகிரி வெயிலில் ஒரு மனிதனுக்கு வேறென்ன சார் வேண்டும்?

பெயர், பூன் பொ நாம் போ. பூன் என்றால் அரிசி நூடுல்ஸ், பொ என்றால் மாடு, நாம் போ என்றால் தெற்குச் சீமை. தெற்கத்தி மாட்டு நூடுல்ஸ். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பெயர் வடக்கே இருக்கும் ஹனோயில்தான் பிரபலம். ஹாங் தியூ தெருவில் இதற்கென்றே பேர் போன கடை இருக்கிறது. தெற்கே சைகோனில் அவர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். லண்டனில் 'மெட்ராஸ் கறி' என்று விற்பது மயிலாப்பூரில் யாருக்காவது தெரியுமா? அந்தக் கதைதான்.

அங்கேயும் மாடு ஒரு காலத்தில் உழவுக்குத்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் மாட்டுக்கறி புழக்கம் கூடியது. நம் பக்கம் நடந்தது வேறு. நம் ஊரில் அதைச் சாப்பிடுகிற வீடும் இருக்கிறது, சாப்பிடாத வீடும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வெளியே சொல்லாத வீடும் இருக்கிறது. என் வீடு இரண்டாவது ரகம், நான் மட்டும் மூன்றாவது. காலேஜ் நாட்களில் ஆம்பூர் நண்பன் ஒருவன் வீட்டு பிரியாணியில் ஆரம்பித்த பழக்கம். கல்யாணம் நிச்சயமானதும் அம்மா சொல்லிவிட்டாள்: "அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை தவறாம விரதம் இருக்குதாம்டா. உன் காலேஜ் சேட்டையெல்லாம் மூட்டை கட்டி வெச்சிடு."

கட்டி வைத்தேன். ஹனோய் வந்ததும் மூட்டை அவிழ்ந்துவிட்டது.

"மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று மனைவி கேட்பாள். "என்ன, வழக்கம்போல இலைதழைதான்" என்பேன். பொய் இல்லை. கிண்ணத்தில் பாதி இலைதழைதானே!

அந்த வெயிலில் அவள் தினமும் சாதம், சாம்பார், பொரியல் என்று ஒன்றரை மணி நேரம் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தாள். கடையில் நான் சாப்பிட்ட கிண்ணத்துக்கு அடுப்பு எரிந்தது மொத்தம் ஐந்து நிமிஷம். இதைக் கற்றுக்கொண்டு, அவளுக்கு மட்டும் கறிக்குப் பதில் டோஃபு போட்டுக் கொடுத்தால் என்ன? பாக்கிடம் போய் நின்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வியட்நாம் மொழி தெரியாது. நடுவே போனில் மொழிபெயர்ப்பு ஆப். 'கறி விஷயம் மனைவிக்குத் தெரியக்கூடாது' என்று தட்டினேன். பாக் அதைப் படித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் சிரித்தார். நம் ஆப் ஏதோ ஆபாசமாக மொழிபெயர்த்துவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வகுப்பு. மனைவி எழுந்திருப்பதற்குள் முடிந்துவிடும்.

முதல் பாடம் சாறு. அதற்கு உயிர் நுவொக் மாம் என்ற மீன் சாறு. மூன்று பங்கு நெத்திலி, ஒரு பங்கு உப்பு, மரத்தொட்டியில் சுமார் ஒரு வருஷம் ஊறப்போட்டு வடிப்பது. ஃபூ குவோக் தீவில் செய்வதுதான் ஒசத்தி. 2012-ல் ஐரோப்பிய யூனியனே 'அந்தப் பெயர் அந்தத் தீவுச் சரக்குக்கு மட்டும்தான்' என்று பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. பாட்டிலில் 40 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 கிராம் நைட்ரஜன். எண் ஏற ஏற ருசி ஏறும், விலையும் ஏறும். மூடியைத் திறந்தால் காசிமேடே எதிரில் வந்து நிற்கும். முதல் நாள் நான் சாம்பாருக்கு உப்பு போடுகிற தைரியத்தில் அரை டம்ளர் ஊற்றிவிட்டேன். பாக் கிண்ணத்தை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் சிங்க்கில் கவிழ்த்தார்.

கணக்கு இதுதான். சர்க்கரை ஒரு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, நுவொக் மாம் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. இரண்டு பேருக்கு, பங்கு என்றால் இரண்டு மேஜைக்கரண்டி. சர்க்கரையை முதலில் வெந்நீரில் கரைத்து, ஆறியபின் மற்றதைச் சேர்க்க வேண்டும். பொடியாக நறுக்கிய பூண்டும் மிளகாயும் கடைசியில். அப்போதுதான் மேலே மிதக்கும்.

இரண்டாவது பாடம் பூன். நம் சேவையும் இடியாப்பமும் அதற்குப் பங்காளிகள். அரிசியை ஊறவைத்து, புளிக்கவைத்து, அரைத்து, அச்சில் கொதிநீருக்குள் பிழிவார்கள். ஹனோயில் யாரும் வீட்டில் பிழிவதில்லை, காலையில் சந்தையில் ஈரமாகவே கிடைக்கும். உலர்ந்த பாக்கெட் என்றால் கொதிக்கும் நீரில் நாலைந்து நிமிஷம். வடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். நான் அலசாமல் விட்டேன். ஐந்து நிமிஷத்தில் போஸ்டர் ஒட்டுகிற பதத்துக்கு வந்துவிட்டது.

மூன்றாவது பாடம் கறி. கால் கிலோவுக்கு நாலு பல் பூண்டு, ஒரு தண்டு எலுமிச்சைப்புல் இரண்டையும் பொடியாக அரிந்து, ஒரு கரண்டி நுவொக் மாம், அரைக் கரண்டி சரக்கரை, மிளகு, ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி அரை மணி ஊறவேண்டும். வாணலி புகை வரக் காய வேண்டும். நான் கால் கிலோவையும் ஒரே தடவையில் கொட்டினேன். வாணலி ஆறிப்போய், கறி தண்ணீர் விட்டு, வறுவல் குழம்பாகிவிட்டது. பாக் போனில் ஏதோ பேசினார். ஆப் தமிழில் சொன்னது: "மாடுகளை வரிசையில் நிற்க வையுங்கள்." அதாவது, கொஞ்சம் கொஞ்சமாகப் போடு என்று அர்த்தம். கைப்பிடி கறி, ஒரு நிமிஷம், எடு. அடுத்த கைப்பிடி.

கறியை வெட்டுவது மட்டும் சிலபஸில் வரவில்லை. எப்போதும் பாக்கே வெட்டிவிடுவார். அந்த ஓட்டை எனக்குத் தெரியவில்லை.

நாலு வாரத்தில் தேறிவிட்டேன். ஐந்தாவது சனிக்கிழமை காலை சந்தைக்குப் போய் கால் கிலோ வாங்கிப் பதுக்கினேன். ஞாயிறு காலை மனைவி சிநேகிதி வீட்டுக்குப் போவதாகத் திட்டம். அவள் திரும்புவதற்குள் சமைத்து, என் பங்கைத் தின்று, பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, அவளுக்கு டோஃபு கிண்ணத்தோடு நல்ல பிள்ளையாக நிற்பது என்பது பிளான்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று.

அந்த ஜூனில் வடக்கு வியட்நாம் முழுக்க அதே கதை. அணைகளில் தண்ணீர் வற்றி நீர்மின் நிலையங்கள் படுத்துவிட்டன, வெயிலுக்கு ஏ.சி. ஓடி ஓடி கிராக்கி ஏறிவிட்டது. முறை வைத்து நிறுத்தினார்கள். அஞ்சு மணிக்கு வீடு செங்கல் சூளை. மனைவி ஐஸ் எடுக்கப் போனாள். நான் சோபாவிலிருந்து எழுவதற்குள் ஃப்ரீஸர் கதவு திறக்கும் சத்தம்.

"என்னங்க, இது என்ன பொட்டலம்?"

"அது... ஆட்டுக்கறி. எனக்கு மட்டும். உனக்குன்னு தனியா டோஃபு வாங்கி வெச்சிருக்கேன்."

பொட்டலத்தைக் கையில் எடை பார்த்தாள். ஓரம் இளகி, நடுவில் இன்னும் கல்லாக இருந்தது.

"கரண்ட் எப்ப வரும்னு தெரியலை. கெட்டுப்போயிடும். இப்பவே செஞ்சிடுங்க" என்று கொடுத்துவிட்டு, சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு, மூங்கில் விசிறியோடு உட்கார்ந்துகொண்டாள். எக்ஸாமினர் மாதிரி.

கத்தியை எடுத்தேன். பாதி உறைந்த கறி வெட்டுவதற்கு அருமையாக இருந்தது. வழுக்காமல், நழுவாமல், காகிதம் மாதிரி. (இதற்காகவே கறியை அரை மணி ஃப்ரீஸரில் வைத்து வெட்டுகிற வழக்கம் உண்டு என்று அப்புறம் தெரிந்தது. எனக்கு மின்வெட்டு செய்து கொடுத்தது.) மூன்று துண்டு போட்டிருப்பேன். விசிறி நின்றது.

"அப்படி வெட்டாதீங்க. நார் எந்தப் பக்கம் ஓடுது பாருங்க. அதுக்குக் குறுக்க வெட்டணும். நீளவாக்குல வெட்டினா செருப்பு மாதிரி இழுக்கும்."

"ஓ... ஆட்டுக்கு அப்படியா?"

"ஆட்டை யாருங்க இவ்வளவு மெல்லிசா வெட்டுவாங்க?"

கத்தியைக் கீழே வைத்தேன். வியர்வை வெயிலால் வந்ததா, வேறு எதாலா என்று சொல்ல முடியாத நிலை.

"இது ஆடு இல்லை" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

விசிறி மறுபடி மெதுவாக ஆட ஆரம்பித்தது. "நாலு வருஷம் கோட்டயத்துல ஹாஸ்டல். ஞாயித்துக்கிழமை ஆனா கப்பையும் பீஃபும். நான்தான் வெட்டிக் கொடுப்பேன்."

"வெள்ளிக்கிழமை விரதம்?"

"அது வெள்ளிக்கிழமைங்க. நான் சொல்றது ஞாயித்துக்கிழமை."

"ஏன் சொல்லவேயில்லை?"

"அம்மாதான், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்னு சொன்னாங்க. நீங்க ஏன் சொல்லலை?"

"எங்கம்மாவும் அதேதான் சொன்னாங்க."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள், நான் கடலையை வறுத்தேன். சின்ன வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, குறைந்த தீயில் எண்ணெயில் விட்டு, இளம்பொன் நிறம் வரும்போதே எடுத்தேன்; வெளியே வந்தபிறகும் அது கொஞ்சம் கருக்கும். பப்பாளிக்காயும் கேரட்டும் காலையிலேயே உப்பு போட்டுப் பிழிந்து, வினிகரும் சர்க்கரையும் விட்டு 'சாலட்' என்ற பெயரில் பகிரங்கமாக ஊறிக்கொண்டிருந்தது. நான் சாறு கலக்கும்போது, "பூண்டைக் கடைசியில போடுங்க, அப்பத்தான் மிதக்கும்" என்றாள். கோட்டயத்தில் இதை எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று அந்தச் சந்தோஷத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இலை அடியில், பூன் நடுவில், கறி மேலே. சாற்றை ஊற்றி அடியிலிருந்து கிளறி, இரண்டு கிண்ணம். டோஃபுவை யாரும் சீண்டவில்லை.

இருட்டில் பேசுவது சுலபம் சார். முகம் தெரியாது. கறியை ஒப்புக்கொண்ட வேகத்தில் நான் இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். கல்யாணச் செலவுக்கு வாங்கிய மூன்று லட்ச ரூபாய் பெர்சனல் லோன். மாசா மாசம் சம்பளத்திலிருந்து அவளுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். நாங்கள் விமானம் ஏறுவதற்குப் பத்து நாள் முன்னால் அவளுக்கு பெங்களூரில் ஒரு நல்ல வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. வரவில்லை என்று எழுதிவிட்டாள்.

"ஏன் என்கிட்ட கேட்கலை?"

"நீங்க கேட்கலை. நானும் சொல்லலை."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எட்டு மாதமாக அவள் சாம்பாருக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் பதில் சொன்னவன், 'உனக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கா?' என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டேன். பதில் நீளமாக இருந்தது. கரண்ட் வர ஒன்பதரை ஆயிற்று. ஃபேன் சுழன்றபோது இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மீதியிருந்ததை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கீழே போனோம். குருதட்சிணை. இனி ஒளிக்க எதுவும் இல்லையே! பாக் ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடி மென்றார். போனை எடுத்து ஏதோ பேசி என் பக்கம் திருப்பினார். ஆப் கணீரென்று தமிழில் அறிவித்தது:

"நன்றாக இருக்கிறது. ஆனால் புதன்கிழமை உங்கள் மனைவி செய்தது இன்னும் நன்றாக இருந்தது."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரை வெகு ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வியட்நாம் மொழிக் காலண்டர். பாக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு. புதன்கிழமை மதியம் அவளுக்கு, சனிக்கிழமை காலை எனக்கு. இரண்டு பேர் ரகசியத்தையும் ஒரே அடுப்பில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார் அந்தப் பெரியம்மா!

இப்போது சென்னையில் இருக்கிறோம். லோன் முடிந்துவிட்டது. அவள் வேலைக்குப் போகிறாள். வீடு திரும்ப எனக்கு முன்னே பின்னே ஆகும். சித்திரை பிறந்துவிட்டால் வாரத்தில் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் இதுதான், சமையல் நான்தான். 200 கிராம் அரிசி நூடுல்ஸ், பப்பாளிக்காய் கிடைக்காவிட்டால் நூல்கோல், மற்றபடி புதினா, கொத்தமல்லி, வெள்ளரி, வேர்க்கடலை எல்லாம் தெருமுனையிலேயே கிடைக்கிறது. மீன் சாறும் எலுமிச்சைப்புல்லும் பெரிய சூப்பர் மார்க்கெட்டில். மாடு வேண்டாம் என்பவர்கள் கோழி போடலாம். சுத்த சைவம் என்றால் டோஃபுவோ காளானோ போட்டு, சாற்றில் நுவொக் மாமுக்குப் பதில் சோயா சாஸ். வாணலி சூடாக இருக்க வேண்டும், கறி வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

புதிதாகக் கல்யாணமான தம்பிகளுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஃப்ரீஸரில் ஏதாவது ஒளித்திருந்தால், கரண்ட் போவதற்குள் சொல்லிவிடுங்கள்.

பின்குறிப்பாக ஒரு சின்னப் பிரச்னை. என் அம்மாவும் சரி, மாமியாரும் சரி, வாரம் தவறாமல் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள். இந்த வாரம் மட்டும் இரண்டு வீட்டுக்கும் புத்தகம் போடவேண்டாம் என்று பேப்பர் போடுகிற பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பழக்கம் போகமாட்டேன் என்கிறது!